இருக்கன்குடி ஃபோல்டர்

சின்னத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருந்த பென்டிரைவை எடுத்து மஹ்ரீனின் மேசைமேல் வைத்தாள். வைத்தவள் கையை எடுக்கவில்லை. இரண்டு விரலை அதன்மேல் ஊன்றிக்கொண்டே நின்றாள்.

"இதுக்குள்ளதான் எம்மவ இருக்கா தாயி," என்றாள்.

கூட வந்திருந்த அவளுடைய தம்பி பெத்தணன் தொண்டையைச் செருமிக்கொண்டு மீதியைச் சொன்னான். முந்தின நாள் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்ததே, அதில் செத்துப்போனவர்களில் சின்னத்தாயின் மகள் செல்வலட்சுமியும் ஒருத்தி. பத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். முகத்தைத் திறக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். காலையில் அடக்கம் முடிந்தது. பெற்றவள் கடைசியாக ஒருதரம் முகத்தைப் பார்க்காமலேயே முடிந்தது.

"கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கணும் பாப்பா. மொகம் நல்லாத் தெரியிற மாதிரி. அதே படத்தப் பெருசாக்கி, பிரேம் போட்டு வீட்லயும் மாட்டணும்ங்கா எங்க அக்கா. மொகத்தப் பாக்கலைல்ல," என்றான் பெத்தணன்.

அந்தப் பக்கத்தில் ஒருவர் செத்தால் சுவரில் முகம் வந்தாக வேண்டும். உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வழியில்லாதவர்கள்கூட, செத்த மறுநாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் பெரிய முகத்தோடு சிரிப்பார்கள். சிவகாசியில் அச்சுக்கா பஞ்சம்? வெடிக்கு லேபிள் அடிக்கிற மிஷினே வெடித்துச் செத்தவர்களுக்குப் போஸ்டரும் அடித்துவிடும்.

செல்வலட்சுமிக்கு இதைத் தவிர வேறு படம் கிடையாது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஓட்டுக்கார்டும் இன்னும் வரவில்லை. போன ஆடியில் பெத்தணன் தன் மகனுக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினான். திருப்பூரிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் அவருடைய கம்பெனி கேமராவில் படம் எடுத்தார். எல்லாவற்றையும் இந்தப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, கேமராவில் இருந்ததை அழித்து, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெத்தணன் சிவகாசியில் ஏதோ ஒரு சென்டரில் சொருகி ஒரே ஒருதரம் பார்த்திருக்கிறான். பச்சைத் தாவணியில், கனகாம்பரம் வைத்துக்கொண்டு அக்கா மகள் நின்றாள். அதோடு சரி.

மஹ்ரீனின் கடை சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அவளுடைய அத்தா ஜமால் முகம்மதுவின் நோட்டுக் கடையில் பாதி. நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் அவர் கோடு போட்ட நோட்டு விற்பார், இந்தப் பக்கம் அவள் மூன்று கம்ப்யூட்டர்களை வைத்துக்கொண்டு வெடி லேபிள், கல்யாணப் பத்திரிகை, போஸ்டர் எல்லாம் டிசைன் செய்வாள். டிசைனைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் ஆட்கள் சிவகாசி அச்சகத்துக்குக் கொண்டுபோவார்கள். அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்துத் தீபாவளி சீசன். ஒரு பென்டிரைவ் ஒரே நாளில் எத்தனை கம்ப்யூட்டரில் நுழைந்து வெளியே வரும் என்று யாருக்கும் கணக்குத் தெரியாது. வைரஸுக்கு வேறென்ன வேண்டும்? ஓசிச் சவாரியில் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் மஹ்ரீனுக்கு வைரஸ் டாக்டர் என்று பெயர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே தட்டுத்தடுமாறிக் கற்றவள். கம்ப்யூட்டர் ஓடத் தேவையான சிஸ்டம் ஃபைலின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு வைரஸ் வரும். பெயரைப் பார்த்து ஏமாறாமல் அது எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்பாள். சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்க வேண்டியது, பாட்டும் படமும் கிடக்கிற இடத்திலிருந்து அதே பெயரில் ஓடிக்கொண்டிருந்தால் அது வேஷக்காரன். காதைப் பிடித்து வெளியே தள்ளிவிடலாம். அசல் மேல் மட்டும் கை பட்டுவிடக் கூடாது.

கை பட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். கடை ஆரம்பித்த புதிதில் ஒரு அசல் ஃபைலைச் சந்தேகப்பட்டு அழித்துவிட்டாள். அதற்கப்புறம் பாஸ்வேர்டைக் கொடுத்தால் கம்ப்யூட்டர் உள்ளே விடுவதுபோல் விட்டு, அடுத்த மூச்சில் வெளியே தள்ளியது. நல்ல சீசனில் கடை படுத்துக்கொண்டது. அன்றைக்கு அத்தாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது அவளுக்கு மறக்கவில்லை. விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களை மறைத்துத்தான் வைத்திருக்கும். அவற்றைக் காட்டச் சொன்னால், இவை பாதுகாக்கப்பட்டவை, நிச்சயமாகக் காட்டத்தான் வேண்டுமா என்று ஒரு எச்சரிக்கை எழுந்து வரும். அன்றிலிருந்து அந்த எச்சரிக்கையை மஹ்ரீன் ஒருநாளும் தாண்டியதில்லை.

இன்னொரு சட்டம் அத்தா போட்டது. ஒருதரம் இவர்கள் கடையிலிருந்து போன பென்டிரைவால் சிவகாசியில் ஒரு அச்சகமே நாள் முழுக்க நின்றுவிட்டது. அச்சகக்காரர் நேரே வந்து கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்கள் வேடிக்கை பார்க்கும்படி கத்தினார். "சீக்குப் பிடிச்ச பென்டிரைவு இந்தக் கடைய விட்டு வெளிய போகக் கூடாது. பார்மெட் அடிச்சுட்டுத்தான் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டார் ஜமால் முகம்மது. பட்டாசு ஊரில் இது யாருக்கும் விளக்க வேண்டாத சட்டம். கலந்த வெடிமருந்தில் மிச்சம் இருந்தால் அங்கே மறுநாளைக்கு வைக்கமாட்டார்கள். கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் அழித்துவிட்டுத்தான் மறுவேலை. நின்று ஆராய்ச்சி பண்ணியவன் பிழைத்ததில்லை.

மஹ்ரீன் பென்டிரைவைச் சொருகினாள். திரையில் ஒரே ஒரு மஞ்சள் ஃபோல்டர் வந்தது. கீழே ஆங்கில எழுத்தில் இருக்கன்குடி என்று போட்டிருந்தது.

சின்னத்தாய் முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். "இதுவா தாயி? இதத் தொறந்தா வந்துருவாளா?"

மஹ்ரீன் திறக்கவில்லை. என்ன வகை என்று பார்த்தாள். ஃபோல்டர் என்று இருக்க வேண்டிய இடத்தில் அப்ளிகேஷன், அதாவது திறந்தால் ஓடுகிற புரோகிராம், என்று இருந்தது. பக்கத்தில் அளவு வேறு காட்டியது. அசல் ஃபோல்டருக்கு அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். ஃபோல்டர் படத்தை மூஞ்சியில் ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ். அவசரப்பட்டுத் திறந்திருந்தால் மூன்று கம்ப்யூட்டரும் போயிருக்கும். மாட்டினாயா என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. எதிரே நிற்கிற தாயின் முகத்தைப் பார்க்காமல் வந்த அந்தச் சந்தோஷத்தைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்க முடியவில்லை.

அழித்தாள். பென்டிரைவ் காலி என்று காட்டியது. படங்களைத் தேடச் சொன்னாள். ஒன்றுமில்லை என்றது. ஆன்டிவைரஸை விட்டுப் பார்த்தாள். எல்லாம் சுத்தம் என்று அது சந்தோஷமாகச் சொன்னது.

"அம்மா," என்றாள் மஹ்ரீன். "இதுல வைரஸ் இருந்துச்சு. படத்தையெல்லாம் அது தின்னுருச்சும்மா."

"அது எதுக்குத் தாயி எம்பிள்ள மொகத்தத் திங்கணும்?"

பெத்தணன் விடவில்லை. "நாங் கண்ணால பாத்தேன் பாப்பா. அம்புட்டுப் படமும் இருந்துச்சு. இன்னொருக்காப் பாருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றான். இன்னொருதரம் பார்த்தாள். அதே காலிதான். வெளியே, அதே வெடியில் செத்த மற்றவர்களின் ஆட்களும் கையில் படத்தோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.

முகம் வர வேண்டிய வட்டத்துக்குள் மஹ்ரீன் ஒரு எரிகிற விளக்கை வைத்தாள். படம் இல்லாதவர்களுக்கு எப்போதும் வைப்பதுதான்.

"நெருப்பு வேண்டாம் தாயி," என்றாள் சின்னத்தாய்.

மஹ்ரீன் விளக்கை எடுத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாமரையை வைத்தாள். பிறகு அத்தாவின் சட்டப்படி பென்டிரைவை ஃபார்மெட் செய்து, அதே பென்டிரைவில் போஸ்டரை ஏற்றினாள். பெரிய ஃபைல். பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டது. சிவகாசியில் சீனிவாசகம் என்பவரின் அச்சகத்தில் கொடுக்கச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

போஸ்டர் ஒட்டிய அன்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் வரிசையாக முகங்கள் இருந்தன. நடுவே ஒரு தாமரை. பஸ்ஸுக்கு நின்ற ஒருத்தி, "இது யாருடி, மொகத்தக் காணும்?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டது கடைக்குள் கேட்டது. மஹ்ரீன் குனிந்துகொண்டாள். தன் தப்பு ஒன்றுமில்லை, வைரஸ் தின்றதற்கு நான் என்ன செய்வேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அப்போது அதை அவள் நம்பவும் செய்தாள்.

கொஞ்சநாள் கழித்து ஒரு கல்யாண வீட்டுப் பென்டிரைவ் வந்தது. அதே மஞ்சள் ஃபோல்டர், அதே அப்ளிகேஷன். போட்டோ எல்லாம் போய்விட்டது, பத்திரிகை வேலை தாமதமாகும் என்று சொல்லச் சீனிவாசகத்துக்குப் போன் செய்தாள். அவர் சிரித்தார்.

"போயிருக்காதும்மா. அந்தக் களவாணிப் பய எதையும் அழிக்கமாட்டான். அசல் ஃபோல்டருக்கு சிஸ்டம் ஃபைல்னு முத்திரையக் குத்தி ஒளிச்சு வச்சுட்டு, அது பேர்ல இவன் வந்து உக்காந்துக்கிருவான். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சது. சிஸ்டம் ஃபைலக் காட்டுன்னு போட்டுப் பாருங்க."

எச்சரிக்கை எழுந்து வந்தது. நிச்சயமாகக் காட்டத்தான் வேண்டுமா? மஹ்ரீன் முதல்தடவையாக ஆமாம் என்றாள். மஞ்சள் ஃபோல்டருக்குப் பக்கத்திலேயே, அதே பெயரில், வெளிறிப்போன இன்னொரு ஃபோல்டர் வந்து நின்றது. திறந்தாள். மாப்பிள்ளை, பெண், சீர்வரிசை, ஒன்று குறையாமல் எல்லாம் இருந்தது.

இருக்கன்குடி ஃபோல்டர் அவள் நினைவுக்கு வந்தது. அசலை அழித்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்துதான் அந்த எச்சரிக்கைக்கு இந்தப் பக்கமே நின்றாள். அந்தப் பயத்தையே ஒருவன் திரையாகக் கட்டி, அசலை அதற்குப் பின்னால் ஒளித்துவைக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று ஒருதரம் பார்த்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். காலி என்று சொன்ன பென்டிரைவில் இடம் மட்டும் எப்படி நிறைந்திருக்கும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்கும். வைரஸ் டாக்டருக்கு வரவில்லை.

"அண்ணே, பார்மெட் அடிச்சுட்டா?" என்று கேட்டாள்.

"அடிச்சாலும் மீட்டுரலாம். அதுக்கொரு சாப்ட்வேர் என்கிட்ட இருக்கு, குடுத்து விடுறேன். ஆனா மேல எதையும் ஏத்தியிருக்கக் கூடாது. ஏத்துன எடம் போனது போனதுதான். நீங்க ஒண்ணும் ஏத்தலையே?"

மஹ்ரீன் போனை வைத்துவிட்டாள்.

ஜமால் முகம்மது எல்லாவற்றையும் கேட்டார். "விட்ரும்மா," என்றார். "அந்தப் பொம்பள இப்பத்தான் ஒருமாதிரியா மனசத் தேத்தியிருப்பா. போயிக் கெளறாத."

"ஒண்ணு ரெண்டு படமாவது பொழச்சிருக்கும் அத்தா."

"பொழைக்கலைன்னா?"

"அப்பவும் அவங்ககிட்ட நான் பொய் சொல்லியிருக்கேன். தெரியாமச் சொன்னாலும் பொய்தான்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல், மகளோடு தாயில்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவரும் அவர்தான்.

சின்னத்தாயின் வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தது. படம் மாட்டுவதற்காக அடித்தது. படம் இல்லாமல் ஆணியில் ஒரு முழம் பூ மட்டும் தொங்கியது. "வாங்க பாய், வா தாயி, உக்காருங்க," என்று பெத்தணன் பாயை விரித்தான். மஹ்ரீன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயந்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வைரஸ் தின்னவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தது, எனக்குத் தெரியவில்லை, நான்தான் அழித்தேன், அதன்மேல் போஸ்டரை ஏற்றியதும் நான்தான், பென்டிரைவைக் கொடுத்தால் ஒன்றிரண்டு படம் மீண்டாலும் மீளலாம் என்றாள். பெத்தணனின் முகம் கறுத்தது. வாய் திறக்கப் போனவனைச் சின்னத்தாய் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அப்ப அன்னைக்கு உள்ளதான் இருந்தாளா?"

"இருந்தாம்மா."

"நாம பாத்துக்கிட்டு இருக்கும்போதே?"

"ஆமா."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு அறை அறைந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சின்னத்தாய் உள்ளே போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து பென்டிரைவை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைச் சேலையில் துடைத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "நானும் வாரேன்," என்றாள். பெத்தணனும் கூடக் கிளம்பினான்.

கடையில் சீனிவாசகம் கொடுத்துவிட்ட சாப்ட்வேர் சாவகாசமாக ஓடியது. கண்டெடுத்த படங்களின் பெயர்கள், பெயர் என்று சொல்ல முடியாத எண்களாக, ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மஹ்ரீன் ஒன்றைத் திறந்தாள். திறக்கவில்லை. அடுத்தது. அதுவும் இல்லை. தாமரை போய் உட்கார்ந்த இடமெல்லாம் நாசமாகியிருந்தது. ஒன்றில் மட்டும் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு பெத்தணனின் மகன் அழுதுகொண்டிருந்தான். சின்னத்தாய் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினாள். யாரும் இல்லை. மறுபடி திறக்காத படங்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் நோட்டுக்கு வந்த ஒரு ஆளை ஜமால் முகம்மது அப்புறம் வரச்சொல்லி அனுப்பினார்.

பட்டியல் முடிகிற சமயத்தில் ஒரு படம் திறந்தது. துண்டு துண்டாகக் கிடந்த படத்தில் மேல்துண்டு மட்டும் தாமரைக்குத் தப்பியிருக்க வேண்டும். மேலிருந்து மெதுவாக இறங்கி வந்தது. வானம் வந்தது, கோபுரத்தின் நுனி வந்தது. அதன் கீழே எண்ணெய் வைத்து வாரிய தலை, கொஞ்சம் கோணலான வகிடு, காதுப்பக்கம் கனகாம்பரம். பிறகு நெற்றி, நெற்றியில் கோயில் குங்குமம். புருவம் தொடங்குகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. அங்கிருந்து அடிவரைக்கும் வெறும் சாம்பல் நிறம்.

"ஆத்தாடி," என்று சின்னத்தாய் மார்பில் கை வைத்தாள். "எம்மவதான். நாந்தான் தல சீவி விட்டேன். வகுடு கோணிப் போச்சுன்னு அன்னைக்குக் கோயில்ல வச்சே என்கூடச் சண்ட போட்டா."

பெத்தணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சின்னத்தாய் முந்தானையை எடுத்து, சாம்பல் நிறமாக இருந்த இடத்தைத் தூசி என்று நினைத்து ஒருதரம் துடைத்தாள். இன்னொருதரம் அழுத்தித் துடைத்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு நேரே உட்கார்ந்து, கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் பல நாளுக்குப் பிறகு ஒரு தெம்பு வந்திருந்தது.

"இன்னுங் கொஞ்சம் கீழ எறக்கு தாயி," என்றாள்.

மஹ்ரீன் மவுஸைப் பிடித்தபடி இருந்தாள். படம் ஏற்கெனவே அடிவரைக்கும் வந்துவிட்டிருந்தது. சின்னத்தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.